மாலை ஏழு மணிச் சங்கு

தாய்மார்களே, பெரியவர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு நாள் இரவு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அத்தையின் கண் ஆபரேஷனுக்கு யார் துணைக்குப் போவது என்று கேட்டார்கள். "ம்" என்றேன். மறுபடி கேட்டார்கள். அதற்கும் "ம்". மூன்றாவது முறை கேட்கவில்லை. எழுந்து போய், அடுப்படி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் அந்தக் கேள்வி என் மண்டையில் ஏறியது. அதுவரை செல்போனில் என்ன பார்த்தேன் என்றால், ஒன்றுகூட நினைவில்லை. அந்த "ம்" இன்றும் என்னைச் சுடுகிறது.

செல்போனை எத்தனை மணி நேரம் பார்க்கிறோம் என்பதை மட்டும் வைத்து இந்த அடிமைப் பழக்கத்தை அளக்காதீர்கள். மணி அடிக்காதபோதே கை சட்டைப் பைக்குப் போகிறதா? ஐந்து நிமிடம் என்று எடுத்தது நள்ளிரவில் முடிகிறதா? யாராவது கேட்டால் பார்த்த நேரத்தைக் குறைத்துச் சொல்கிறோமா? அங்கேதான் கவனிக்க வேண்டும். தூக்கமும் படிப்பும் வேலையும் கெடுகிற அளவுக்குப் போயிருந்தால் மருத்துவரிடம் போக வெட்கப்பட வேண்டாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது.

பிள்ளையைப் பார்த்து "உனக்கு மன உறுதி இல்லை" என்று திட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. கையில் இருக்கும் இதற்கு இல்லை. முடிவே இல்லாமல் உருளும் பக்கத்தை 2006இல் உருவாக்கிய ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வருந்துவதாக அவரே சொன்னார். உளவியலாளர் ஸ்கின்னரின் சோதனைகளில், எத்தனையாவது கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாதபோதுதான் புறாக்கள் ஓயாமல் கொத்தின. அடுத்த ரீலில் என்ன வரும் என்று நமக்கும் தெரியாது. அதனால்தான் விரல் நிற்பதில்லை.

இரவில் போனைக் கூடத்திலேயே சார்ஜில் போடுங்கள். எழுப்புவதற்கு ஒரு அலாரம் கடிகாரம் போதும். தேவையற்ற அறிவிப்பு ஒலிகளை நிறுத்திவிடுங்கள். நான் இவற்றையெல்லாம் செய்து பார்த்தேன். பத்து நாள் தாங்கியது. பக்கத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் விலகி நிற்பது கடினம்.

மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்து வட்காவ் கிராமம் இதைப் புரிந்துகொண்டது. கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புகளுக்குப் பிறகு பிள்ளைகள் போனை விடவில்லை. ஊர் கூடிப் பேசி, 2022 ஆகஸ்டில் ஒரு முடிவெடுத்தது. மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சங்கு, அதாவது சைரன், ஒலிக்கும். எட்டரை வரை டிவியும் இல்லை, போனும் இல்லை. தொடக்கத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. பெரியவர்களும் சேர்ந்து அணைத்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

நம் ஊரிலும் ஒரு காலத்தில் நகராட்சிச் சங்கு கேட்டுத்தான் நேரம் பார்த்தோம். வருகிற திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டின் மூன்று போன்களும் அலமாரிக்குள் போகின்றன. சேர்ந்துகொள்கிறவர்களுக்காக வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பெயராக அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.