ஃப்ரானுக்காகச் சில வார்த்தைகள்

அவையோருக்கு வணக்கம்.

படிப்பு, கல்யாணம் என்று பிள்ளைகள் கிளம்பிப்போன வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும் மிஞ்சினால், அதன்பிறகு எதற்காக வாழ்வது? இந்தக் கேள்விக்கு ஒரு முழு நாவலையே கொடுத்தவர் சின்க்ளேர் லூயிஸ். இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் அமெரிக்கர். நாவலின் பெயர் 'டாட்ஸ்வர்த்', வெளிவந்தது 1929-இல்.

சாம் டாட்ஸ்வர்த்துக்கு ஐம்பது வயது. தான் வளர்த்த கார் கம்பெனியைப் பெரிய நிறுவனத்திடம் விற்றுவிடுகிறான். மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது; மகன் யேல் பல்கலைக்கழகத்தில். நாற்பதைத் தாண்டிய மனைவி ஃப்ரான், ஐரோப்பாவில் புது வாழ்க்கை தொடங்கலாம் என்கிறாள். கப்பலேறுகிறார்கள்.

நேற்றுவரை ஆயிரம் பேருக்கு வேலை சொன்னவனுக்கு, இன்று காலை எழுந்தால் செய்ய ஒன்றுமில்லை. ஃப்ரானோ வேறு ஆண்களின் பாராட்டைத் தேடிப் போகிறாள். பெர்லினில் ஒருவனை மணப்பதற்காக விவாகரத்தே கேட்கிறாள். அதற்குப்பின் பாரிஸ் கஃபேக்களில் சாம் தனியே உட்கார்ந்திருக்கும் பக்கங்களை நிதானமாகப் படியுங்கள். அவ்வளவு பெரிய மனிதன், பேச்சுத் துணைக்கு ஏங்குகிறான்.

அவனைத் தூக்கி நிறுத்துவது ஈடித் என்ற பெண்ணின் அன்பு. அதோடு இன்னொன்றும் உண்டு: தோட்டங்களோடு கூடிய புறநகர்க் குடியிருப்பு, உள்ளேயே குடியிருந்தபடி சாலையில் போகக்கூடிய வீட்டு வண்டி என்று மறுபடியும் எதையாவது உருவாக்கும் ஆசை. வேலை செய்து பழகிய கைக்கு இன்னொரு வேலை கிடைத்துவிடுகிறது.

ஃப்ரானுக்கு என்ன கிடைத்தது? இங்கேதான் லூயிஸோடு எனக்குச் சண்டை. வயதை நினைத்து அவள் நடுங்குவதைக் கண்முன் நிறுத்துகிறார். அந்த நடுக்கத்தின் காரணத்துக்குள் போக அவருக்குப் பொறுமையில்லை. 1928-இல்தான் அவருடைய முதல் திருமணம் விவாகரத்தில் முடிந்தது. அந்தச் சூடு இந்த எழுத்தில் தெரிகிறது என்றே நினைக்கிறேன். சாம் விற்றது அவன் உருவாக்கிய ஒன்றை. அதற்கு விலை வந்தது, பெயர் மிஞ்சியது. ஃப்ரான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திய வீடும் வளர்த்த பிள்ளைகளும் விலைக்குப் போகிறவையா? அவள் கையில் மிச்சமிருந்தது அழகு ஒன்றுதான், அதுவும் நழுவிக்கொண்டிருந்தது.

அவள் செய்த துரோகத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவளிடம் யாராவது, "இனி நீ என்ன செய்ய விரும்புகிறாய்?" என்று ஒரு முறையாவது அக்கறையோடு கேட்டார்களா என்று பாருங்கள். சாமும் கேட்கவில்லை, லூயிஸும் கேட்கவில்லை.