சாமான் எப்ப வாங்கினது?

வணக்கம் நேயர்களே. கப்பலில் வீட்டுச் சாமான் கட்டி அனுப்பும் தொழிலிலேயே என் காலம் கொழும்பில் போயிற்று. இப்போது ஓய்வு. ஆனாலும் வெள்ளவத்தையில் யாருக்காவது வீசா கிடைத்தால் எனக்குத் தொலைபேசி வரும். கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "அண்ணை, அங்க கஸ்டம்ஸுக்கு எவ்வளவு கட்டவேணும்?" நான் உடனே பதில் சொல்வதில்லை. திருப்பிக் கேட்பேன்: "சாமான் எப்ப வாங்கினது?"

குடிபெயர்ந்து போகிறவர் தன் வீட்டில் பாவித்த பொருட்களைக் கொண்டுபோனால் நம்மவர்கள் போகும் நாடுகளில் பெரும்பாலானவை அதற்குச் சுங்கத் தீர்வை கேட்பதில்லை. குடும்பம் நடத்தக் கொண்டுவருகிறாரா, விற்கக் கொண்டுவருகிறாரா என்றுதான் பார்ப்பார்கள். அதைப் பார்க்க அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் காலம். லண்டன் போகிறவர் அந்தச் சாமானை ஆறு மாதமாவது சொந்தமாக வைத்துப் பாவித்திருக்க வேண்டும். அவரும் தொடர்ந்து 12 மாதமாவது பிரித்தானியாவுக்கு வெளியே வாழ்ந்திருக்க வேண்டும். ஜேர்மனி, பிரான்ஸ் எல்லாம் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரே விதி, கணக்கும் ஏறக்குறைய அதே கணக்கு. சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை, ஆனால் அங்கும் ஆறு மாதப் பாவனை. அவுஸ்திரேலியாவும் அமெரிக்காவும் ஒரு வருடம் கேட்கும். கனடாவில் புதிதாகக் குடியேறுகிறவருக்கு மாதக் கணக்கில்லை. போய் இறங்கும் முன்னரே உங்களுக்குச் சொந்தமாக, உங்கள் கையில், உங்கள் பாவனையில் இருந்திருக்க வேண்டும்.

நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? பயணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது புறக்கோட்டைக்குப் போவார்கள். புது அண்டா, புது மிக்ஸி, புது பிரஷர் குக்கர். "அங்க விலை கூட" என்பார்கள். பழையதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். தீர்வை இல்லாமல் போகக்கூடியதைத் தானம் பண்ணிவிட்டு, தீர்வை கட்டவேண்டியதைக் காசு கொடுத்து வாங்குகிற கூத்து இது.

ஒரு குடும்பம். எந்த நாட்டுக்குப் போனார்கள் என்று சொல்லமாட்டேன். தகப்பன் இரவிரவாக இருந்து ஒவ்வொரு பாத்திரத்திலும் விலைச்சீட்டை நகத்தால் சுரண்டியிருக்கிறார். பட்டியலில் எல்லாவற்றுக்கும் நேரே "பாவித்தது" என்று எழுதியாயிற்று. அங்கே சுங்க அதிகாரி அண்டாவைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தாராம். அடியில் ஒரு கரிக்கோடு இல்லை. சீட்டு ஒட்டியிருந்த பசை மட்டும் வட்டமாகத் தெரிந்ததாம். அதற்குப் பிறகு உண்மையிலேயே பாவித்த சாமானையும் அவர் நம்பவில்லை. தலையணை உறை வரை எடுத்து வைத்துக் கேள்வி. புதியதை வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பற்றுச்சீட்டோடு, புதியது என்றே எழுதிக் கொண்டுபோங்கள். ஒரு மிக்ஸிக்கு வரும் வரியால் யாரும் கெட்டுப்போனதில்லை.

இனிப் பட்டியல். இதில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம், நிலையத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும். "குசினிச் சாமான், நாலு பெட்டி" என்று எழுதினால் அது பட்டியலே இல்லை. பெட்டிக்கு ஒரு இலக்கம். அந்தப் பெட்டிக்குள் என்ன, எத்தனை, எந்த வருடம் வாங்கியது, இன்றைக்கு விற்றால் என்ன பெறும். மின்சாரச் சாமான் என்றால் அதன் பெயரும் தொடர் இலக்கமும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு ரீச்சர் இருந்தா. மெல்பேர்ணில் மகளோடு போய் இருக்கப் புறப்பட்டவ. நாங்கள் போனதும் ஒரு சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா. காலஞ்சென்ற கணவர் கணக்காளராக இருந்தவராம். கலியாணம் முடித்த நாளிலிருந்து வீட்டுக்கு வந்த ஒவ்வொரு சாமானையும் அதில் பதிந்திருக்கிறார். தையல் மெஷின், சிங்கர், வாங்கிய திகதி, தவணைக் காசு கட்டி முடித்த திகதி, கீழே பென்சிலால் "பட்டி மாற்றியது". மரக்கதிரை ஆறு, ஆறை வெட்டி ஐந்தாக்கி, பக்கத்தில் "ஒன்று தம்பிக்குக் கொடுத்தது". எங்கள் பொடியன்கள் கட்டுகிற வேலையை விட்டுவிட்டு அதை வாசித்துக்கொண்டு நின்றார்கள். நானும்தான்.

அந்தக் கொப்பியை வைத்தே ஆங்கிலத்தில் பட்டியல் அடித்தோம். அவுஸ்திரேலியச் சுங்கம் பின்னால் வரும் சாமானுக்குக் கேட்கும் பி 534 படிவத்தை நிரப்ப மகளுக்கும் சிரமமே இருக்கவில்லையாம். எப்ப வாங்கினது என்ற கேள்விக்கு ஒவ்வொரு வரியிலும் பதில் இருந்தது. தீர்வை ஒரு சதமும் கட்டவில்லை. தையல் மெஷினின் மரமேசையில் பூச்சித் துளை இருக்கிறதா என்று மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம்.

எல்லா வீட்டிலும் அப்படி ஒரு கணக்காளர் இருக்கமாட்டார். கையில் போன் இருக்கிறதே. சாமான் பாவனையில் இருக்கும்போதே படம் எடுத்து வையுங்கள். அடுப்பில் சட்டி இருக்கும் படத்தைப் பெட்டி கட்டிய பிறகு எடுக்க முடியாது.

கனடா போகிறவர்கள் கொஞ்சம் கிட்ட வந்து கேளுங்கள். முதன்முதலாகப் போய் இறங்கும் இடத்திலேயே, ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையம் என்றால் அங்கேயே, இரண்டு பட்டியல் காட்டவேண்டும்: கையோடு வந்தவை ஒன்று, பின்னால் வரப்போகிறவை ஒன்று. படிவம் பி.எஸ்.எஃப் 186. பறந்து வந்த களைப்பில், "பின்னால் ஏதும் வருமா?" என்று கேட்டால் இல்லையென்று தலையாட்டிவிட்டு வெளியே போய்விடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அம்மாவின் அலுமாரி கப்பலில் போகும். பட்டியலில் இல்லாத அலுமாரிக்கு எதைக் காட்டிச் சலுகை கேட்பது?

நகையும் அப்படித்தான். "தங்க நகை, கொஞ்சம்" என்று எழுதிய பட்டியலையும் பார்த்தவன் நான். மதிப்பீட்டுப் பத்திரத்தில் உள்ளபடி விபரம் எழுதி, திகதியும் கையொப்பமும் இட்ட படங்களும் வைக்கச் சொல்கிறது கனேடியச் சுங்கம். தாலிக்கொடி வாங்கிய செட்டியார் தெருக் கடையிலேயே மதிப்பீடு எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். போவதற்கு முன் மூன்று மாதத்துக்குள் கலியாணம் நடந்திருந்தால், பாவிக்காத கலியாணப் பரிசும் சலுகைக்குள் வரும்.

லண்டன் வேறு மாதிரி. சாமான் போய்ச் சேரும் முன்னரே விண்ணப்பித்து ஒரு அனுமதி இலக்கம் எடுக்கவேண்டும். அது இல்லாமல் போனால் தீர்வையும் 20 வீத வற் வரியும் கேட்டு நிற்பார்கள். சலுகையில் இறக்கிய சாமானை, லண்டனிலும் சரி கனடாவிலும் சரி, 12 மாதத்துக்குள் விற்றால் விட்டுக்கொடுத்த வரியைக் கட்டச் சொல்லுவார்கள்.

இன்னொன்று. "வரி இல்லை எண்டீங்கள், பில் வந்திருக்குதே" என்று என்னோடு சண்டை பிடித்தவர்கள் உண்டு. அது துறைமுகக் கையாளல் கூலி, களஞ்சியக் கூலி. சுங்கத்துக்குப் போகும் காசில்லை. பட்டியல் குழம்பிப் பெட்டி மறிபட்டால் களஞ்சியக் கூலி முச்சக்கரவண்டி மீற்றர் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் தீர்வையைவிட அதுதான் கூட.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து இங்கே திரும்பி வருகிறவர்களின் சாமானைப் பற்றியும் பேச வைத்திருந்தேன்; அது இன்றைக்கு நடக்காது. ஓடியோடிச் சொல்கிறேன். அவுஸ்திரேலியாவுக்கு ஈர்க்குமாறு, விதைவகை, மண் ஒட்டிய சப்பாத்து, இவற்றைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். மரப்பெட்டி அடித்தால் அதில் ஐ.எஸ்.பி.எம் 15 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சி போகப் பதப்படுத்திய மரம் என்பதற்கு அதுதான் அடையாளம். பாட்டனாரின் ஏட்டுச்சுவடி, பழம்பொருள் என்றால் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகவே அனுமதி வேண்டும்; தொல்பொருள் திணைக்களத்திலும் தேசிய சுவடிகள் கூடத்திலும் முதலில் விசாரியுங்கள். யானைத்தந்தச் சாமான் எதையும் தொடவே வேண்டாம். மிளகாய்த்தூளைக் கையோடு கொண்டுபோய், இறங்கியதும் சொல்லிக் காட்டுங்கள். உடுப்புப் பெட்டிக்குள் போத்தல் உடைந்தால்... சரி சரி, முடித்துவிட்டேன். வணக்கம்.