ஏழைக்கும் மனம் உண்டு

விழாத் தலைவர் அவர்களே, மழையிலும் வந்திருக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே, இந்த அரங்கை வாடகை வாங்காமல் கொடுத்த பள்ளித் தாளாளர் அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசிய டாக்டர் அம்மா அவர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

உளப்பகுப்பாய்வின் வரலாறு என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நோயாளியை மனம்விட்டுப் பேசவைத்து, அடிமனத்தில் கிடப்பதைக் கண்டறிந்து குணப்படுத்தும் முறைதான் உளப்பகுப்பாய்வு. மூன்றைச் சொல்ல நினைக்கிறேன்: முதல் உலகப் போர், வியன்னாவின் இலவச சிகிச்சை, நாஜிகள் செய்த அழிவு.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ஐரோப்பிய அரசுகளுக்கு அது போரில் தெரிந்தது. உடம்பில் ஒரு காயமும் இல்லாத சிப்பாய் கைகால் நடுங்கி, பேச்சிழந்து திரும்பினான். அதனால்தான் 1918 செப்டம்பரில் புடாபெஸ்டில் நடந்த உளப்பகுப்பாய்வு மாநாட்டுக்கு அரசுப் பிரதிநிதிகளே வந்து உட்கார்ந்தார்கள். அங்கே இந்த முறையை உருவாக்கிய வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்ட் ஏழைகளைப் பற்றிப் பேசினார். அறுவை சிகிச்சைக்கு ஏழைக்கு எவ்வளவு உரிமையோ, மனத்துக்கான சிகிச்சைக்கும் அவ்வளவு உரிமை உண்டு என்றார்.

பேச்சோடு நிற்கவில்லை ஐயா! 1920-இல் ஃப்ராய்டின் சீடர் மாக்ஸ் ஐட்டிங்கன் சொந்தப் பணத்தைப் போட்டு பெர்லினில் சிகிச்சை மையம் திறந்தார். 1922-இல் வியன்னா. அந்த வியன்னாவைக் கொஞ்சம் பாருங்கள். அவர்களுக்கென்று கட்டடம் கிடையாது. பெலிகன் தெருவில் இருதய நோயாளிகளைப் பார்க்கும் இடம் ஒன்று இருந்தது. காலையில் அங்கே இருதய நோயாளிகள். மதியத்துக்கு மேல் அதே அறைகளில் இவர்கள். ஃப்ராய்டின் சோபா என்று படத்தில் பார்த்திருப்பீர்கள், கம்பளம் விரித்து, தலையணை வைத்து. இங்கே ஏது சோபா? இருதயம் பார்க்கிற இரும்புக் கட்டில்தான். படி போட்டு ஏறிப் படுக்க வேண்டும். தலைமாட்டில் மரநாற்காலியில் மருத்துவர். ஐந்து பேரைக் கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே உடம்பு வலிக்கும். காசில்லாதவர்களின் துயரத்தை அப்படி உட்கார்ந்து கேட்டார்கள்!

1933-இல் யூதரான ஃப்ராய்டின் நூல்களை நாஜிகள் பெர்லினில் கொளுத்தினார்கள். 1938-இல் அவர் லண்டனுக்குத் தப்பினார். வியன்னாவில் தங்கிய நான்கு சகோதரிகளும் நாஜி முகாம்களில் மாண்டார்கள். அது தனிக் கூட்டத்துக்கான செய்தி.

மனத்துக்கும் சிகிச்சை என்ற இந்த முயற்சி நம் நாட்டிலும் நடந்தது. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922-இல் உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கினார். 1933-இல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநோய்க்கென வெளிநோயாளிப் பிரிவு திறந்தார். பொது மருத்துவமனைக்குள்ளேயே, காய்ச்சல்காரர் வரும் அதே வாசலில்!

நாங்கள் கேட்பதும் அதுதான். ஒவ்வொரு தாலுகா அரசு மருத்துவமனையிலும் கதவு சாத்திப் பேச ஓர் அறை, தினமும் ஒரு மனநல ஆலோசகர், கட்டணம் கிடையாது. தனி அறைக்கு இடமில்லை என்று சொல்லாதீர்கள், மதியத்துக்கு மேல் சும்மா கிடக்கும் அறை ஒன்று போதும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்த பிறகுதான் தெரிய வேண்டுமா, நகராட்சித் தலைவர் அவர்களே? மனு வாசலில் மேசை மேல் இருக்கிறது. முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும், அப்புறம் எல்லோரும் வரிசையாகப் போடுவோம்.