நிற்பதற்கும் மின்சாரம் வேண்டும்

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

விமான நிலையங்களிலும் பெரிய வணிக வளாகங்களிலும் காவலர்கள் ஒரு சிறு பலகையில் நின்றபடியே வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பலகையின் இடப்பக்கம் ஒரு சக்கரம், வலப்பக்கம் ஒரு சக்கரம். முன்னேயும் பின்னேயும் தாங்குவதற்கு எதுவும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் ஏறிய உடனே ஆள் குப்புற விழ வேண்டும். விழாததற்குக் காரணம் கேட்டால், என்னிடம் பொறியியல் படிக்கும் பிள்ளைகளிலேயே பலர், "உள்ளே கைரோஸ்கோப் இருக்கிறது, அது பிடித்துக்கொள்கிறது" என்பார்கள். கைரோஸ்கோப் என்பது சாய்வதையும் திரும்புவதையும் அறியும் கருவி. அது இருப்பது உண்மை. ஆனால் அது எதையும் பிடித்துக்கொள்வதில்லை.

இந்த வகை வண்டிகளில் பெயர்பெற்றது செக்வே. அமெரிக்கரான டீன் கேமன் 2001 டிசம்பரில் அதை உலகுக்குக் காட்டினார். அதற்கு முன்பே அவர் ஐபாட் (iBOT) என்ற சக்கர நாற்காலியை உருவாக்கியிருந்தார். நடக்க இயலாத ஒருவர் அதில் அமர்ந்தபடியே இரண்டு சக்கரங்களின்மேல் உயர்ந்து, எதிரில் நிற்பவரின் கண்ணுக்கு நேராகப் பேச முடியும். இந்தத் தொழில்நுட்பம் செய்த எல்லா வேலைகளிலும் மேலானது இதுதான் என்பது என் எண்ணம். செக்வே அதிலிருந்து கிளைத்தது.

செக்வேயில் ஐந்து சிறிய கைரோ உணரிகள் இருந்தன. பழைய கைரோஸ்கோப்புகளில் இருப்பதுபோல், பம்பரமாகச் சுழல்வது எதுவும் அவற்றில் இல்லை. அதிர்ந்துகொண்டே இருக்கும் சிலிக்கான் சில்லுகள்தாம். பலகை எவ்வளவு விரைவாகச் சாய்கிறது என்பதை அவை சொல்லும். அந்தக் கணக்கில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், எது மேல், எது கீழ் என்று காட்டித் திருத்துவதற்குத் தனியே சாய்வு உணரிகளும் உண்டு. கணினி நொடிக்கு ஏறத்தாழ நூறு முறை இவற்றைக் கேட்டறிந்து மோட்டார்களுக்குக் கட்டளை இடுகிறது. நிமிர்த்துகிற வேலை முழுவதும் மோட்டாருடையது.

நம் ஊர்க் கொடை விழாவில் கரகம் ஆடுபவரைக் கவனித்தால் இது விளங்கும். கரகம் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கமே தலை நகர்ந்து கரகத்தின் அடியில் போய் நிற்கும். இந்த வண்டியில் நீங்கள்தான் கரகம். முன்னே சாய்ந்தால் சக்கரங்கள் முன்னே ஓடி வந்து உங்கள் உடல் எடைக்கு அடியில் நிற்கப் பார்க்கின்றன. நீங்கள் சாய்ந்தே இருந்தால் வேகம் கூடிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு நொடியும் நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் வேகம் கூட வேண்டுமானால் சுமார் 6 டிகிரி சாய்வு போதும்.

இனி வேகத்தைக் குறைப்பதைப் பார்ப்போம். அதற்கு நீங்கள் பின்னே சாய வேண்டும். வண்டி தானாக உங்களைப் பின்னே சாய்க்க வேண்டுமானால், சக்கரங்கள் உங்களை முந்திக்கொண்டு சற்று முன்னே போக வேண்டும். அதாவது, வேகம் குறைய முதலில் ஒரு கணம் வேகம் கூட வேண்டும்! மோட்டார் ஏற்கெனவே தன் முழு வலிமையில் ஓடிக்கொண்டிருந்தால் முந்துவதற்குச் சக்தி மிச்சம் இருக்காது. ஆள் முகம் குப்புற விழுவார். செக்வேயின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் அளவில் நிறுத்தப்பட்டதற்கு இது முக்கியமான காரணம். எல்லையை நெருங்கும்போது பலகை தானே பின்பக்கம் சாய்ந்து உங்களைத் தள்ளும். அந்தத் தள்ளலை எதிர்த்து இன்னும் முன்னே சாய்பவர், தன்னைக் காக்க வைத்திருக்கும் கையிருப்பைத் தானே செலவழிக்கிறார்.

கையிருப்பு எவ்வளவு என்று கணக்குப் போடலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 115 கிலோ என்றால், சமதளத்தில் அந்த வேகத்தில் சீராகச் செல்ல 200 வாட் அளவு போதும். மோட்டார்களோ ஒவ்வொன்றும் இரண்டு குதிரைத்திறன். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 3000 வாட். இவ்வளவு வித்தியாசம் வீண் அல்ல. குழியில் இறங்கினாலும், மேட்டில் ஏறினாலும், எதிர்காற்று அடித்தாலும் நிமிர்ந்து நிற்பதற்கு அது வேண்டும்.

எதிர்காற்று என்றதும் பணகுடி, வள்ளியூர்ப் பக்கத்து நேயர்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், உடம்பு உணரும் காற்று 50 கிலோமீட்டர் வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடுவதால், அது ஆறு மடங்குக்கும் மேலாகிவிடும். அந்தக் காற்றில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோவதில் வியப்பில்லை.

இறக்கத்தில் கதை மாறுகிறது. அப்போது மோட்டாரே மின்னாக்கியாகி, பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. கணக்குக்காக மட்டும் மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறுக்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 1000 மீட்டர் இறக்கத்தில் ஏறத்தாழ 0.3 யூனிட் ஆற்றல் இருக்கிறது. உராய்வில் போனது போக ஒரு பகுதி பேட்டரிக்கு வரும். ஆனால் மேலேயே பேட்டரியை முழுதாக நிரப்பிவிட்டு இறங்கினால் அந்த மின்சாரத்துக்கு உள்ளே இடம் இருக்காது. மேட்டில் வீடு உள்ளவர்கள் பேட்டரியைச் சற்றுக் குறைவாக நிரப்பிக்கொண்டு புறப்படுவது நல்லது.

பிள்ளைகளுக்கு ஹோவர்போர்டு என்ற இரு சக்கரப் பலகையை வாங்கித் தரும் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அதிலும் இதே தத்துவம்தான், ஆனால் பற்றிக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. லித்தியம் அயனி பேட்டரிகள் தீப்பிடித்ததால் 2016 ஜூலையில் அமெரிக்காவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஹோவர்போர்டுகள் திரும்பப் பெறப்பட்டன. வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். பேட்டரி தீர்கிறது என்று எச்சரிக்கை ஒலி கேட்டால், "தெருமுனை வரை போய்விடலாம்" என்று பிள்ளையை விடாதீர்கள். சைக்கிளில் சங்கிலி அறுந்தாலும் சற்றுத் தூரம் உருண்டு போகலாம். இதில் மின்சாரம் நின்ற கணமே நிமிர்ந்து நிற்பதும் நின்றுவிடும். ஒலி கேட்ட இடத்திலேயே இறங்கி, வண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வரச் சொல்லுங்கள்.

வணக்கம்.