ஷட்டில் விளையாட வருகிறீர்களா? பேட்டுக்கு முன்னால் காலைப் பாருங்கள்

வணக்கம். மணி ஆறே முக்கால். மதுரையில் நான் தினமும் விளையாடும் கோர்ட்டின் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் டப் டப் என்று கேட்கிறதே, அது பக்கத்துக் கோர்ட். ஏழு மணிக்கு அடுத்த பேட்ச் வந்துவிடுவார்கள். அதற்குள் பேசி முடிக்கிறேன்.

போன வாரம் என் சித்தி மகன் முதல் தடவையாக இங்கே விளையாட வந்தான். தோளில் புதுப் பை, பையில் ஆறாயிரம் ரூபாய்க்குப் பேட். காலைப் பார்த்தேன், பூங்காவில் ஓடப் போகும் ஷூ. "தம்பி, இன்றைக்கு நீ உட்கார்ந்து பார். நாளைக்கு விளையாடலாம்" என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏனென்றால் நான்கு வருடத்துக்கு முன்னால் அதே மாதிரி ஷூவோடு இதே தரையில் விளையாடித்தான் என் வலது கணுக்கால் புரண்டது. நெட்டை ஒட்டி மெதுவாக விழும் ஒரு டிராப்பை எடுக்கப் பக்கவாட்டில் கால் வைத்தேன், ஷூ அங்கேயே நின்றுவிட்டது, கால் மட்டும் வெளியே சாய்ந்தது. ஆறு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறுவதற்கே சிரமப்பட்டேன்.

அதனால் என்னிடம் யார் கேட்டாலும் முதலில் ஷூ என்றுதான் சொல்வேன். கையில் இருக்கிற பணத்தில் பாதிக்கு மேல் காலுக்குக் கொடுங்கள்.

காரணம் சொல்கிறேன். ஓடுகிற ஷூவை நேராக முன்னோக்கிப் போவதற்காகச் செய்கிறார்கள். குதிகால் பக்கம் உயரமாக, மெத்தென்று இருக்கும். ஷட்டிலில் நாம் நேராக ஓடுவதே குறைவு. முன்னால் பாய்கிறோம், பின்னால் போகிறோம், பக்கத்தில் எட்டு வைக்கிறோம், அடுத்த நொடியே நடுவுக்குத் திரும்புகிறோம். அப்படிப் பக்கவாட்டில் ஊன்றும்போது உயரமான மெத்தை கவிழ்ந்துவிடும். ஷட்டில் ஷூவில் கால் தரைக்கு நெருக்கமாக இருக்கும், ஓரங்கள் விறைப்பாக இருக்கும், அடியில் தேன் நிறத்தில் கம் சோல், அதாவது ரப்பர் அடிப்பாகம் இருக்கும். அது தரையைக் கவ்விப் பிடிக்கும், கோர்ட் விரிப்பில் கறுப்புக் கோடும் விழாது. கடையில் 'நான்-மார்க்கிங்' என்று கேளுங்கள். ஆனால் அந்தப் பேரை மட்டும் நம்ப வேண்டாம். ஷூவை இரண்டு கையாலும் பிடித்துத் துணி பிழிவது போல முறுக்கிப் பாருங்கள். நடுவில் சுலபமாக முறுக்கிக்கொண்டால் அது வேண்டாம்.

வாங்கப் போவது சாயங்காலமாக இருக்கட்டும், அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். விளையாடப் போட்டுக்கொள்ளும் தடிமனான சாக்ஸையும் எடுத்துப் போங்கள். அப்புறம், தயவுசெய்து அதையே போட்டுக்கொண்டு தெருவில் நடந்து வராதீர்கள். கம் சோலில் மண் ஏறினால் பிடிப்பு போய்விடும். நான் வீட்டிலிருந்து செருப்பில் வந்து, இந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் மாற்றிக்கொள்கிறேன். விளையாடும்போது வழுக்கினால் ஈரத்துணியில் அடிப்பாகத்தை ஒரு தடவை துடைத்தால் போதும்.

சரி, பேட். ஜோடியாகப் பிளாஸ்டிக் உறையில் தொங்குமே, இரும்புத் தண்டு, அலுமினிய வளையம், இரண்டும் சேருமிடத்தில் ஒரு இணைப்பு தெரியும். வாசலில் குழந்தைகள் அடிக்க அது நல்லது. வாரம் நான்கு நாள் கோர்ட்டுக்கு வரப் போகிறவர்களுக்கு அது சரிப்படாது. கிராஃபைட்டில் ஒரே துண்டாகச் செய்த பேட் எடுங்கள். ஆரம்பத்தில் இருப்பவருக்கு ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரத்துக்குள் நல்லதே கிடைக்கும்.

கைப்பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் '4யு ஜி5' என்ற மாதிரி இருக்கும். 4யு என்றால் எடை 80 முதல் 84 கிராம். 3யு என்றால் 85 முதல் 89. எண் கூடினால் எடை குறையும், இதில்தான் பலர் குழம்புகிறார்கள். புதியவர்களுக்கு 4யு போதும். ஜி5 என்பது கைப்பிடியின் பருமன், நம்மூரில் அதிகம் கிடைப்பதும் அதுதான். தண்டு கொஞ்சம் வளைகிறதாக எடுங்கள். விறைப்பான தண்டு மணிக்கட்டு வேகம் உள்ளவர்களுக்கு. அந்த வேகம் வருவதற்கு முன்னால் அதை எடுத்தால், தூக்கி அடிக்கிற பந்து பாதிக் கோர்ட்டிலேயே விழும், தோளும் வலிக்கும். பெரிய வீரர் கையில் இருப்பதே வேண்டும் என்று ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் பேட் அவர் தோளுக்கானது.

இப்போது கட்டிங். நரம்பு போடுவதைத்தான் சொல்கிறேன். விலை உயர்ந்த பேட்டில் மோசமான கட்டிங்கை விட, சாதாரண பேட்டில் நல்ல கட்டிங் எவ்வளவோ மேல். நான் புதிதாக வாங்கியபோது ஒரு கடையில் கேட்காமலேயே 28 பவுண்டு இறுக்கத்தில் இழுத்துக் கொடுத்தார்கள். "டைட்டாக இருந்தால்தான் ஸ்மாஷ் பறக்கும்" என்றார்கள். ஸ்மாஷ் என்றால் மேலிருந்து ஓங்கி அடிக்கும் அடி. நானும் தலையாட்டினேன். பத்து நாளில் நரம்பு அறுந்தது. இறுக்கம் கூடக்கூட, பந்து சரியாகத் திரும்பும் நடுப்பகுதி சுருங்கிக்கொண்டே போகும். தினமும் நடுவில் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு அது உதவும். கற்றுக்கொள்பவர்களுக்கு 20 முதல் 23 பவுண்டு சரி. கடையில் வாயைத் திறந்து எண்ணைச் சொல்லுங்கள். நரம்பில் 0.70 மில்லிமீட்டர் தடிமன் உள்ளதாகக் கேளுங்கள், உழைக்கும்.

இன்னொன்று. விளையாடும்போது ஒரு நரம்பு அறுந்தால் அப்படியே பையில் வைத்துவிடாதீர்கள். ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தளர்வு என்று நின்றால் வளையம் கோணிவிடும். கத்தரி எடுத்து, நடுவிலிருந்து தொடங்கி மீதியையும் வெட்டிவிடுங்கள். என் அப்பா பள்ளிக்கூடத்தில் பால் பேட்மிண்டன் ஆடியவர். அதான், மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், தஞ்சாவூரில் பிறந்த விளையாட்டு என்று சொல்வார்களே, அதுதான். அவருடைய மர பேட்டை விளையாடி முடித்ததும் நான்கு மூலையிலும் திருகு வைத்த மரச்சட்டத்துக்குள் பூட்டி வைப்பாராம். கோணக் கூடாது என்கிற அதே கவலைதான்.

கிரிப் பற்றிக் கேளுங்கள். புது பேட் கைப்பிடியில் உறையாக வரும் பிளாஸ்டிக்கைப் பிரிக்காமலே ஆறு மாதம் விளையாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேர்வையில் பேட் கையைவிட்டுப் பறந்தால் எதிரே நிற்பவர் முகத்தில்தான் போய் விழும். பிளாஸ்டிக்கை உரித்துவிட்டு, மேலே மெல்லிய ஓவர்கிரிப் ஒன்று சுற்றுங்கள். மதுரை வெயிலில் எனக்கு மூன்று வாரத்துக்கு மேல் தாங்குவதில்லை. கை ரொம்ப வேர்க்கிறவர்கள் துண்டு மாதிரி இருக்கும் டவல் கிரிப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது காக், நாம் அடிக்கிற இறகுப் பந்து. இறகுக் காக்கில் பதினாறு இறகு, எடை 4.74 முதல் 5.50 கிராம். போட்டிகளில் அதுதான். கையில் வாங்கும்போது அந்தச் சுகமே தனி. ஆனால் பழகாதவர்கள் அடித்தால் இரண்டு கேமுக்குள் இறகு ஒடிந்து கிடக்கும். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும். முதல் ஆறு மாதம் நைலான் போதும். யோனெக்ஸ் மேவிஸ் 350 நம்மூரில் எங்கும் கிடைக்கும். டப்பா மூடியின் நிறத்தைக் கவனியுங்கள். பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. சூடான காற்று லேசானது என்பதால் அதில் காக் வேகமாகப் போகும். அதனால் கோடையில் நமக்குப் பச்சை பொருத்தம். கடையில் நீலத்தையே எடுத்து நீட்டுவார்கள், கேட்டு வாங்குங்கள்.

வேகம் சரியா என்று பார்க்க விதிப்புத்தகத்தில் ஒரு வழி இருக்கிறது. கடைசிக் கோட்டில் நின்று, இடுப்புக்குக் கீழிருந்து முழு வீச்சில் மேல்நோக்கி அடிக்க வேண்டும். எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டுக்கு 53 சென்டிமீட்டர் முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழுந்தால் சரியான காக்.

மொட்டை மாடியில் விளையாடுகிறவர்களுக்கு: நெட் இல்லாவிட்டாலும் கவலைப்படாதீர்கள். நெட்டின் நடு உயரம் 1.524 மீட்டர். சரியாக ஐந்து அடி. ஐந்தடியில் கொடிக்கயிறு கட்டி, மேலே பழைய தாவணி ஒன்றைப் போட்டால் பந்து மேலே போனதா கீழே போனதா என்ற சண்டை வராது. காற்று அடங்குகிற அதிகாலையில் விளையாடுங்கள்.

கடைசியாகக் கண். நம் நாட்டு இரட்டையர் வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023இல் போட்டிக்கு வெளியே, ஜப்பானில் ஒரு உள்ளரங்கில் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர், கின்னஸ் சாதனை. நம் ஸ்மாஷ் அதில் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் கண்ணில் பட்டால் அந்தச் சின்னக் கார்க் குமிழ் போதும், அது கண்குழிக்குள் புகுந்து அடிக்கும். டபுள்ஸில் முன்னால் நிற்பவர், பின்னால் பார்ட்னர் என்ன செய்கிறார் என்று முகத்தைத் திருப்பிப் பார்க்கவே கூடாது. விளையாட்டுக்கென்று பாலிகார்பனேட் கண்ணாடி வருகிறது. குழந்தைகளுக்கு அதை வாங்கிப் போட்டுவிடுங்கள், முதலில் கொஞ்சம் முரண்டு பிடிப்பார்கள், நான்கு நாளில் பழகிவிடும்.

பை, பேண்ட், ரிஸ்ட் பேண்ட் எல்லாம் மெதுவாக வாங்கிக்கொள்ளலாம். காட்டன் டி-ஷர்ட் நனைந்து கனக்கும், அதைத் தவிருங்கள், அவ்வளவுதான். ஒரு தண்ணீர் பாட்டிலும் துண்டும் மறக்க வேண்டாம்.

அதோ, தம்பி வந்துவிட்டான். காலைக் காட்டுடா... பாருங்கள், கம் சோல். நேற்றுச் சாயங்காலம் வாங்கியிருக்கிறான். கேமராவை அணைக்கிறேன், இன்றைக்கு இவனோடு ஒரு கேம் ஆட வேண்டும்.