தீட்டு நின்னப்புறம் ரத்தம் பட்டா என்ன டெஸ்ட்?

காலைல கம்பத்துலேர்ந்து ஜீப் ஏறி குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வர்ற அக்காமார், அம்மாமார் எல்லாம் இத கொஞ்சம் கேளுங்க. தீட்டு நின்னு ஒரு வருஷம் ஆயிடுச்சு, அப்புறம் ஒரு நாள் பாவாடைல லேசா கறை, என்ன பண்றோம்? சூடுன்னு சொல்லி வெந்தயத்த ஊறவெச்சு முழுங்கிட்டு மறுநாளும் காய் எடுக்க போயிடறோம். அது ஒரு சொட்டா இருந்தாலும், ஒரே ஒரு தடவ பட்டிருந்தாலும் காட்டியே ஆகணும்.

பயந்துக்காதீங்க, அப்படி ரத்தம் பட்டு வர்ற 100 பேர்ல சுமார் 9 பேருக்குத்தான் கர்ப்பப்பை உள்தோல்ல கேன்சர் இருக்கும், நிறைய பேருக்கு அந்தத் தோல் வறண்டு மெலிஞ்சதுதான் காரணம். ஆனா அந்த 9ல நாம இருக்கோமா இல்லையான்னு டெஸ்ட் பண்ணாம யாராலயும் சொல்ல முடியாது.

"போன வருஷம் கேம்ப்ல பாப் ஸ்மியர் எடுத்தாங்களே, நார்மல்னுதான வந்துச்சு"ன்னு கேப்பீங்க. அது கர்ப்பப்பை வாய்க்கான டெஸ்ட்க்கா, உள்தோலுக்கு அத நம்பி இருக்க முடியாது.

முதல்ல ஸ்கேன். வயித்து மேல வெச்சு பாக்கறது இல்ல, கீழ்வழியா ஒல்லியான கருவி விட்டு பாக்கறது, அதுக்கு ஆணுறை மாட்டி ஜெல் தடவித்தான் உள்ள விடுவாங்க. வயித்து ஸ்கேனுக்கு தண்ணி குடிச்சிட்டு வான்னுவாங்க, இதுக்கு ஒண்ணுக்கு போயிட்டுத்தான் படுக்கணும். ரிப்போர்ட்ல என்டோமெட்ரியல் திக்னஸ்னு, அதாவது உள்தோல் எவ்வளவு தடிமன்னு ஒரு நம்பர் இருக்கும், 4 மில்லிமீட்டர் அல்லது அதுக்குக் கீழன்னா கேன்சர் இருக்க வாய்ப்பு ரொம்ப ரொம்ப கம்மி. அதுக்கு மேல போனா, இல்ல கம்மியா இருந்தும் திரும்பத் திரும்ப ரத்தம் பட்டா, பயாப்ஸி, அதாவது உள்தோல்ல துணுக்கு எடுத்து லேப்ல பாக்கறது.

பயாப்ஸின்னதும் ஆபரேஷன்னு நெனச்சுக்கறாங்க. பைப்பெல்னு ஒரு பிளாஸ்டிக் குழாய், 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், உள்ள விட்டு நடுவுல இருக்கற கம்பிய இழுத்தா தோல் துணுக்கு உறிஞ்சிட்டு வந்துடும், பெரும்பாலும் மயக்க ஊசி கிடையாது, கொஞ்ச நேரம் தீட்டு வலி மாதிரி சுண்டி இழுக்கும், அவ்வளவுதான். ஒரு ஓரத்துல மட்டும் பாலிப், அதாவது சின்ன சதை வளர்ச்சி இருந்தா குழாய்க்கு மாட்டாம தப்பிச்சிடும், அதனால சந்தேகம்னா ஹிஸ்டெரோஸ்கோப்பி, கேமரா விட்டு நேர்ல பாத்து எடுப்பாங்க.

ரத்தமே படலன்னா? எல்லாரும் வருஷா வருஷம் இந்த ஸ்கேன் எடுக்கணும்னு இல்ல, மாஸ்டர் செக்கப் பேக்கேஜ்ல சேத்து விக்கறாங்கன்னு காச கொட்டாதீங்க. மார்புக் கேன்சருக்கு டமாக்சிஃபென் மாத்திரை போடறவங்களுக்கு அந்த மாத்திரையே தோல தடிமனா காட்டும், அவங்களுக்கு நம்பர விட ரத்தம் படுதாங்கறதுதான் முக்கியம். பரம்பரையா லின்ச் சிண்ட்ரோம், அதாவது கேன்சர் வர்ற வாய்ப்பக் கூட்டற ஜீன் கோளாறு இருக்கற குடும்பம்னா கதையே வேற, அவங்களுக்கு 30, 35 வயசுலேர்ந்தே பயாப்ஸி பத்தி டாக்டர் பேசுவாங்க.

அப்புறம் ஒண்ணு, நம்ம ஆளுங்க தேனிக்கும் போவோம், கோட்டயத்துக்கும் போவோம். ஆஸ்பத்திரி மாத்துறீங்கன்னா பயாப்ஸி ரிப்போர்ட் மட்டும் போதாது, எடுத்த லேப்ல ஸ்லைடும் (துணுக்க ஒட்டின கண்ணாடித் துண்டு) பிளாக்கும் (துணுக்க மெழுகுல பதிச்ச கட்டி) கேட்டு வாங்கிட்டு போங்க, அத வெச்சே அங்க திரும்ப பாத்துக்கலாம்.