கமெலானும் ஆட்டமும்

அவைத் தலைவர் ஐயா அவர்களே, இந்த அரங்கத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு மேடைக்கு வர மறுத்துக் கீழே அமர்ந்திருக்கும் புரவலர் அவர்களே, மிருதங்க வித்வான் அவர்களே, மாணவிகளை அழைத்து வந்திருக்கும் நடன ஆசிரியைகளே, அனைவருக்கும் என் வணக்கம். புரவலரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்க மனம் வரவில்லை. நம் ஊரில் மழைக்கு ஒதுங்காமல் கச்சேரி கேட்க முடிகிறதென்றால் அது அவரால்தான்.

பாலித் தீவின் இசை, நடனம், முகமூடி நாடகம் என்று மூன்றையும் அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். முதலில் இசை.

இரண்டு கையும் தட்டினால்தான் ஓசை என்பார்கள். கமெலான் என்னும் பாலி வாத்தியக் குழுவின் இசைக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி இல்லை. அதன் வெண்கலக் கருவிகள் இணை இணையாக வார்க்கப்படுகின்றன. ஓர் இணையில் ஒன்றின் சுருதியை மற்றதைவிட இம்மியளவு உயர்த்திவைப்பார்கள். இரண்டையும் சேர்த்துத் தட்டும்போது ஒலி அலை அலையாக அதிர்கிறது. தனியே தட்டினால் அந்த அதிர்வு இல்லை. வேகமான மெட்டையும் இருவர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் தட்டுகிறார். கேட்பவருக்கு ஒரே ஆள் வாசிப்பதாகத் தோன்றும். வாசிப்பவரின் கைகளைப் பாருங்கள்: வலக்கைச் சுத்தியல் கருவியின் அடுத்த வெண்கலப் பட்டைக்குத் தாவும்போது, இடக்கை விரல்கள் முந்தைய பட்டையைப் பிடித்து அதன் ஒலியை அடக்குகின்றன.

1906, 1908 ஆண்டுகளில் டச்சுப் படைகளிடம் தென்பாலி அரசுகள் வீழ்ந்தன. அரண்மனை இசை கிராமத்தார் கைக்கு வந்தது. ஏறத்தாழ 1915இல் வடக்கே புலேலெங் பகுதியில் கெப்யார் என்னும் புதிய பாணி வெடித்துக் கிளம்பியது. அரசன் போனாலும் கலை போகவில்லை!

நடனத்தில், கோயிலின் உள்முற்றத்தில் ஆடும் ரெஜாங், நீண்ட புல்லாங்குழல்கள் ஒலிக்கும் கம்பூ, பொது அரங்கின் லெகோங் எனப் பல வகை. 1971இல் அறிஞர்கள் கூடிப் புனித ஆட்டம், சடங்கோடு சேர்ந்த ஆட்டம், பொழுதுபோக்கு ஆட்டம் என்று வகுத்தார்கள். 2015இல் யுனெஸ்கோ அந்த மூன்றையும் அங்கீகரித்தது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியே ஆக வேண்டும். பாலியில் நான் தங்கியிருந்த ஒரு விடுதியில் இரவு உணவின்போது பாரிஸ் என்னும் போர்வீரர் நடனம். பதிவு செய்த இசை. ஆடியவன் பதினைந்து வயதுப் பையன். பாதியில் மின்சாரம் போய்விட்டது. இசை நின்றது. பையன் தோள்களைத் தூக்கியபடி, கண்களை அகல விரித்தபடி அப்படியே நிற்கிறான். விருந்தினர்கள் கைத்தட்டத் தொடங்கிவிட்டார்கள், ஆட்டம் முடிந்ததென்று நினைத்து! அப்போது, கையில் தட்டோடு நின்ற பரிமாறும் ஊழியர் ஒருவர் தட்டைக் கீழே வைத்தார். வரவேற்பறையில் அலங்காரத்துக்கு வைத்திருந்த மத்தளத்தை மடியில் எடுத்துக்கொண்டு வாசித்தார். சமையற்கட்டிலிருந்து வந்த இன்னொருவர் வாயாலேயே மெட்டைப் பாடினார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பையன் மீண்டும் ஆடினான். இப்போது அவன் கண்ணை வெட்டினான், மத்தளம் சட்டென்று நின்றது. அவன் தோளை உயர்த்தினான், மத்தளம் பாய்ந்தது. சிரித்துக்கொண்டே ஆடினான். மின்சாரம் திரும்பியபோது யாரும் ஒலிப்பெட்டியைப் போடவில்லை.

இந்த நிறுத்தத்தை அங்கே அங்செல் என்கிறார்கள். பாரிஸ் நடனத்தில் ஆடுபவரே அதற்குக் குறிப்புக் கொடுக்கிறார். மத்தளக்காரர் அதைப் பிடித்து மொத்தக் குழுவுக்கும் கடத்துகிறார். பதிவு இசையில் இது நடக்குமா? பெட்டி யார் கண்ணைப் பார்க்கும்? இரண்டு கையும் தட்டினால்தான் ஓசை!

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், அடுத்த ஆண்டு விழாவுக்குப் பாலிக் குழுவை அழைக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் ஆட்டக்காரர்கள் மட்டும் வரட்டும், இசையைப் பதிவாகக் கொண்டு வரட்டும் என்று பேச்சு அடிபடுகிறது. அன்பு கூர்ந்து அப்படிச் செய்யாதீர்கள். கெப்யார் குழுவுக்கு இருபத்தைந்து பேர் வேண்டும், வெண்கலத்தின் எடையும் அதிகம் என்பது எனக்குத் தெரியும். முடியாவிட்டால் நடனத்தை விட்டுவிட்டு, தோல்பாவைக் கூத்துக்கு வாசிக்கும் கெண்டேர் வாயாங் குழுவை அழையுங்கள். நான்கே கருவிகள், நான்கு பேர், ஒரு பாவைக் கலைஞர். ஒரே வேனில் ஊருக்குள் வந்துவிடலாம்.

முகமூடிக்கு நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். நன்கொடைப் பட்டியலில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.